கௌசல்யா, ஜெர்மனி

1

என் அக்கா மகள் கௌசல்யா ஜெர்மனியில் இருக்கிறாளாம். பதினேழு வருடமாக அதே ஜெர்மனியில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிற எனக்குத்தான் அந்தச் சேதி தெரியவில்லை.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு பிளெக்ஸ் வந்தது. மல்லிகா அக்காவின் இளைய மகள் பவித்ராவுக்குக் கல்யாணம். சடையங்குப்பத்தில் அவர்கள் தெருமுனையில் கட்டுவதற்காக அடித்த பிளெக்ஸைப் படமெடுத்து அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பிளெக்ஸ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், மேலே கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய மனிதர்கள், கீழே வரிசை வரிசையாக ‘வாழ்த்தி வரவேற்கும்’ சொந்தக்காரர்கள். கடைசி வரிசையில் நானும் என் கணவரும் இருந்தோம். ஏதோ பழைய போட்டோவிலிருந்து எங்கள் தலையை மட்டும் வெட்டி ஒட்டி, கீழே ‘ஜெர்மனி’ என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் கௌசி. வேலை பார்த்த கம்பெனியின் அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோ. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘கௌசல்யா, ஜெர்மனி’.

கௌசியைக் காணாமல் மூன்று வருடம் ஆகிறது. மணலியில் பேக்கிங் வேலை பார்த்தாள். வேலை முடிந்து வேனில் ஏறினாள், வீடு வந்து சேரவில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஹாம்பர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் எனக்கு வேலை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் அந்தப் பிளெக்ஸைப் பார்த்ததும் கத்தியை அப்படியே போட்டுவிட்டேன். கிடைத்துவிட்டாள் போலிருக்கிறது, எப்படியோ இந்த நாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறாள் போலிருக்கிறது என்றெல்லாம் பைத்தியம் மாதிரி நினைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் அடித்தேன்.

“கௌசி கெடைச்சிட்டாளா மாமா? எப்ப? எங்க இருந்தா?”

“கத்தாத கலா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சம்பந்தி வூட்ல மூத்த பொண்ணு எங்கனு கேட்டாங்க. இன்னா சொல்ல சொல்ற? உன்கிட்ட கீறானு சொல்லி வெச்சேன்.”

“என்கிட்டயா?”

“ஆமா. அங்க படிச்சிகினு கீறா, லீவு கெடைக்கல. யார்னா போன் பண்ணி கேட்டா நீயும் அத்தயே சொல்லு. பவி வாழ்க்கையாவது உருப்படட்டும்.”

எனக்கு வாயில் என்ன வந்ததோ அதையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. கௌசியைத் தேட ஆள் வேண்டும், பணம் வேண்டும், வக்கீல் வேண்டும் என்று இந்த மூன்று வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளை ஒளித்துவைக்க மட்டும் என் வீடு வசதியாக இருந்திருக்கிறது.

2

அதே வாரம் எங்கள் தெருவில் ஒரு பூனை தொலைந்துபோனது.

மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவின் பூனை. அந்த அம்மா ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்து, உங்கள் நிலவறையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள் என்று கெஞ்சினார். விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடைக் கண்ணாடி என்று எங்கே பார்த்தாலும் பூனையின் கலர் போட்டோ. பெயர், வயது, இடது முன்னங்காலில் வெள்ளை, கூச்ச சுபாவம், விசில் அடித்தால் வரும், கீழே போன் நம்பர். என் மகள் நிலா ஒரு கட்டுக் காகிதத்தையும் டேப்பையும் வாங்கிக்கொண்டு ரயில் நிலையம் வரைக்கும் போய் ஒட்டிவிட்டு வந்தாள். கடைசியில் பூனை அடுத்த கட்டடத்து நிலவறையில் கிடைத்தது. அந்த அம்மா ஒட்டிய காகிதத்தை எல்லாம் தன் கையாலேயே உரித்தெடுத்துவிட்டு, எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனார்.

பூனை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த அம்மா செய்ததுதான் சரி. தொலைந்தால் அப்படித்தான் தேட வேண்டும்.

நிலாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் வகுப்புக்குப் போவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. சனிக்கிழமை என்றால் கைப்பந்து, சிநேகிதிகள், அறைக் கதவு சாத்திக்கிடக்கும். என்னிடம் பேச அவளுக்கு மிச்சம் இருக்கிற தமிழில் “பசிக்குது”, “தெரியும்மா”, “ஏன்” இந்த மூன்றுதான் அதிகம். அன்றைக்கு டேப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, கௌசி அக்காக்கு எங்க எங்க பேப்பர் ஒட்டினீங்க?”

“ஒட்டல.”

“ஏன்?”

“மானம் போயிடும்னு சொன்னாங்க.”

“மானம்னா?”

நான் அதற்கு ஜெர்மன் சொல்லைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. “அது நியூஸ்ல கொலைக்கு முன்னாடி போடுற வேர்ட்தானே?” என்றாள்.

ஆமாம் என்றேன். ஆணவக் கொலையை இங்கே ‘மானக் கொலை’ என்றுதான் போடுகிறார்கள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்த் தட்டவில்லை.

3

மானமாம். இந்த மானக்காரர்கள் கௌசியின் முகத்தைப் பத்தடி உயரத்துக்கு அடித்து ரோட்டில் கட்டிய கதையைச் சொல்கிறேன்.

அவள் பெரிய மனுஷி ஆன சமயம் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மாமா பிளெக்ஸ் அடித்தார். பதிமூன்று வயதுப் பிள்ளையை மயில் சிம்மாசனத்தில் உட்காரவைத்து, தலையில் கிரீடம் வைத்து, இரண்டு பக்கமும் யானை நிற்கவைத்திருந்தான் பிளெக்ஸ் கடைக்காரன். தலைக்கு மேலே பெரிய வட்டத்தில் பன்னீரின் முகம். பன்னீர்தான் மாமாவின் முதலாளி. ஹார்பருக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் நடுவில் டிரெய்லர் ஓட்டுவது மாமாவின் வேலை, டிரெய்லர் பன்னீருடையது. கம்பெனிகளுக்கு வேன் விடுவதும் அவர்தான். அவருக்குக் கீழே மாமன்மார், சித்தப்பன்மார், மன்றத்துக்காரர்கள் என்று இரண்டு வரிசை ஆண்கள். பெற்ற தாயின் முகத்தைத் தேடினேன், இல்லை.

கௌசி அந்த வாரம் முழுக்கப் பின்பக்கத்துச் சேற்று வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள். என்னிடம் வந்து அழுதாள்.

“இன்னா சித்தி இது? நான் வயசுக்கு வந்தா ஊருக்கு இன்னா? டீக்கடைல குந்திகினு கீற பசங்க எல்லாம் அத்தயும் பாக்கறானுங்க, என்னையும் பாக்கறானுங்க. அவுக்க சொல்லு சித்தி.”

மாமாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரித்தார். “எம் பொண்ணு மூஞ்சி, நான் கட்றேன். ஊரே பாக்கட்டும், இன்னா இப்போ?” என்றார். பிளெக்ஸ் கட்டக் கூடாது என்று கவர்ன்மென்ட் சொன்னால்கூட எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள், நான் சொல்லியா கேட்கப் போகிறார்?

விழா முடிந்ததும் அந்தப் பிளெக்ஸ் சமையல்கட்டுக் கூரைக்கு ஏறியது. சடையங்குப்பம் பள்ளமான இடம், மழை வந்தால் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். வீட்டுக்குப் பின்னால் மூங்கில் கழி ஊன்றி இறக்கிய சமையல்கட்டுக்கு ஓடு கிடையாது, பிளெக்ஸ்தான் கூரை. மல்லிகா அக்கா படத்தை உள்பக்கமாக வைத்துக் கட்டினாள். வெயில் பட்டால் பிள்ளை முகம் வெளுத்துவிடும் என்றாள். அப்புறம் வருடா வருடம் மழைக்கு முன்னால் அதற்கு மேலே வேறு வேறு பிளெக்ஸ் ஏறியது. கட்சிக்காரர்கள், கண்ணீர் அஞ்சலி, யாரோ குழந்தைக்குக் காதுகுத்து. அடியில் கௌசி அப்படியே இருந்தாள். அக்கா சோறு வடிக்கும்போது நிமிர்ந்தால் மகள் முகம் தெரியும்.

காணாமல் போன பிறகு மாமா அதைக் கழற்றி எறியச் சொன்னார். மழைக்கு வேணும் என்று அக்கா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பவியைப் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் அதன்மேல் ஒரு பழைய புடவையை இழுத்துக் கட்டச் சொன்னாராம். அக்கா கட்டியிருக்கிறாள்.

4

கௌசிக்கு இருபத்தொரு வயதானபோது அது நடந்தது. பன்னீர் விடும் கம்பெனி வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு முதலில் மாத்தூர்ப் பக்கம் போகும். அங்கே இருக்கிறவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து சடையங்குப்பத்தில் கௌசியை விடும். அன்றைக்கு அவள் வரவில்லை. வேன் ஓட்டியவனைக் கேட்டதற்கு, “மாத்தூர்லயே இறங்கிடுச்சே” என்றான்.

சடையங்குப்பத்துப் பெண் மாத்தூரில் ஏன் இறங்க வேண்டும்? அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இறங்கினாள் என்று சொன்னது அவன் ஒருத்தன்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மாத்தூரில் எவனோ நின்றிருக்கிறான், இவள் அவனோடு போய்விட்டாள் என்று ஊரே மிச்சக் கதையை எழுதிக்கொண்டது.

புகார் கொடுக்கப் போனால், வண்டி ஏறின இடத்து ஸ்டேஷனில் ‘இறங்கின இடத்துக்குப் போ’ என்றார்கள். இறங்கின இடத்தில் ‘வீடு எங்க இருக்கோ அங்க போ’ என்றார்கள். வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில் ஒருத்தர் தலையை நிமிர்த்தாமலே கேட்டிருக்கிறார், “எவன்கூடயாவது பேசிகினு இருந்துச்சா? ரெண்டு நாள் பாரும்மா. தாலி கட்டிகினு தானா வந்து நிக்கும்.” அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் புகாரை வாங்கினார்கள்.

வேனில் கூட வந்த பெண்களை விசாரியுங்கள் என்று நான் இங்கிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அதற்கும் மானம்தான் குறுக்கே வந்தது. அவர்கள் எல்லாம் கல்யாணம் ஆகாத பிள்ளைகள், போலீஸ் வீட்டுக்கு வந்தால் பேர் கெடும் என்று அவரவர் வீட்டில் அடுத்த வாரமே வேலையை நிறுத்திவிட்டார்கள். பேப்பருக்குப் போட்டோ கொடுக்கலாம் என்றேன். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு கூடாது என்றார்கள். சுவரில் ஒட்டலாம் என்றேன். “உனுக்கு இன்னா, நீ அங்க குந்திகினு பேசுவ. பின்னால பவி கீறா” என்றார்கள்.

பன்னீர் வீட்டுக்கு வந்து, “கேஸு கீஸுனு அலைஞ்சினா பொண்ணு பேருதான் கலீஜ் ஆவும் ஏழுமல. வுடு, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம், வேன் ஓட்டியவனை லாரியில் ஏற்றி வெளியூர் லைனுக்கு அனுப்பியது ஒன்றுதான். மாமா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் டிரெய்லர் சாவி போய்விடும்.

அக்கா மட்டும் தேடினாள். அடையாளம் தெரியாத பெண் உடல் என்று எங்கே கேள்விப்பட்டாலும் போய்ப் பார்த்தாள். மார்ச்சுவரி வாசலில் நின்றாள், மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் போனாள். இல்லை என்று தெரிந்தால் எனக்குப் போன் செய்து, “நம்ம புள்ள இல்லடி” என்பாள். அந்த மூன்று வார்த்தையைக் கேட்பதற்காக நான் வேலைக்கு நடுவில் கழிப்பறையில் நின்றுகொண்டிருப்பேன்.

5

இங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆன்லைனில் புகார் கொடுக்கப் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்து முடித்தால் ஓடிபி வரும், அதைப் போடு என்றது. ஓடிபி போவது இந்திய நம்பருக்கு. என் இந்திய நம்பர் செத்து எத்தனையோ வருடம் ஆகிறது. அக்கா நம்பரைக் கொடுத்தால், அவள் ஓடிபியைக் கண்டுபிடித்து வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. அந்தக் கணினியைத் தூக்கி எல்பா நதியில் போட்டிருப்பேன், கணவர் பிடித்துக்கொண்டார்.

என் ஜெர்மன் பாஷையின் அழகு வேறு. கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சமையற்கட்டுத் தலைவி என்னவென்று கேட்டார். அக்கா மகளை இழந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனால் மேசைமேல் மெழுகுவத்தி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட அனுதாப அட்டை. ஐயோ சாகவில்லை, காணோம் என்று பதறினேன். அப்படியானால் உயிரோடு இருக்கிறாளா என்று அவர் சந்தோஷமாகக் கேட்டார். மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன்.

அதற்காக இந்த ஊர் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பூனைக்கு போஸ்டர் ஒட்டுகிற இதே ஊரில், என் பக்கத்து மேசையில் காய் நறுக்குகிற பெண் மாதத்துக்கு ஒரு முறை முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வருகிறாள். கேட்டால் அலமாரிக் கதவு இடித்தது என்கிறாள். அது என்ன அலமாரியோ, சரியாகச் சம்பள வாரத்தில்தான் இடிக்கிறது. புருஷன் பெண்டாட்டியைக் கொன்றால் இங்கே பத்திரிகையில் ‘குடும்பத் துயரம்’ என்று தலைப்பு போடுகிறார்கள். அங்கே ஓடிப்போனாள் என்கிறார்கள், இங்கே துயரம் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் செய்தவனைப் பற்றிப் பேச்சே காணோம்.

6

மாமாவை நான் திட்டிய மறுநாள், வேலை முடிந்து ரயிலில் வரும்போது பவி போன் செய்தாள்.

“சித்தி, அப்பாவ திட்டுனியாமே. இன்னும் நல்லா திட்டு.”

“உனக்குத் தெரியுமா பவி, இந்த ஜெர்மனி கதை?”

“இது இப்ப வுட்ட கதை இல்ல சித்தி. அக்கா பூட்ட ஆறு மாசத்துலயே அப்பா தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு. பன்னீர்தான் சொல்லி குட்த்தாரு போல. இன்னொரு விசயம் கீது. நீ கத்த கூடாது.”

கத்த மாட்டேன் என்றேன்.

“போன வருசம் ஸ்டேஷன்லருந்து ஒருத்தரு விசாரிக்க வந்தாரு. நாங்க யாரும் வூட்ல இல்ல. பக்கத்து வூட்ல கேட்டுகீறாரு. ‘அது ஜெர்மனில அவங்க சித்தி வூட்ல கீதே’னு அவங்க சொல்ட்டாங்க. அப்பால அப்பாவ கூப்ட்டு கேட்டாங்க. அப்பா ஆமானு தலையாட்டி கையெழுத்து போட்டு வந்துட்டாரு. கேஸ மூடிட்டாங்க சித்தி.”

நான் கத்தினேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அம்மாக்கு தெரியாது. அம்மா இன்னும் செவ்வாக்கெயம ஆனா ஸ்டேஷனுக்கு போயி குந்திட்டு வருது. அங்க இருக்கறவங்களும் ‘பாக்கறோம்மா’னு சொல்லி அனுப்பறாங்க. எனுக்கு பேஜாரா கீது சித்தி. அம்மா மூஞ்சிய பாத்து நான் எப்டி சொல்வேன்?”

செத்துப்போனதாகச் சொல்லியிருந்தால்கூட ஒரு பிணமாவது கேட்டிருப்பார்கள். வெளிநாடு என்றதும் ஒருத்தருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. மூன்று வருடமாக நான் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருந்ததே அந்தப் பிள்ளையைத் தேடாமல் இருக்க அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றைக்கு ரயிலில் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அம்மா வீடியோ காலில் வந்தார். புளியந்தோப்புக்காரர், கலகலப்பான மனுஷி. முகூர்த்தப் புடவை காட்டுவதற்காக அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் மாமா நின்றார், பவி நின்றாள், அக்கா தரையில் உட்கார்ந்து புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். இங்கே என் பக்கத்தில் நிலா இருந்தாள்.

“நல்லா கீறியாம்மா? புடவ கலரு எப்டி? சரி, எங்க கௌசி? கொஞ்சம் காட்டு. கல்யாணத்துக்குதான் வர முடியல, பெரிய பொண்ணு மூஞ்சியாவது நாங்க பாக்க வேணாமா?”

மாமா அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, தூங்குகிறாள் என்று சொல் என்று சைகை காட்டினார். பவி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றால் அந்தப் பாவம் எனக்குத்தான் என்று தெரியும். அக்காவைப் பார்த்தேன். அவள் நிமிரவே இல்லை.

“அம்மா, கௌசி இங்க இல்ல” என்றேன். “இங்க ஒரு நாள்கூட இருந்ததில்ல. மூணு வருஷமா அவளக் காணோம். போலீஸ்ல கேஸு இருந்துச்சு. ஜெர்மனில கீறானு சொல்லி அத்தயும் மூடிட்டாங்க.”

அக்கா இப்போது நிமிர்ந்தாள். “மூடிட்டாங்களா?” என்றாள்.

மாமா போனை வாங்கக் கை நீட்டினார்.

“இன்னாயா சொல்றா இவ? நான் செவ்வாக்கெயம செவ்வாக்கெயம போயி குந்திகினு வரேனே. யாரு மூட்னது?”

“ஏன்மா, பொண்ண காணோம்னு ஒரு வார்த்த சொல்ல தோணலையா உங்களுக்கு? எங்களுக்கு பிரியாணி ஆக்கி போட்டு...” என்று சம்பந்தி அம்மா ஆரம்பித்தார். மாமா போனைப் பிடுங்கினார். திரை கறுத்துவிட்டது.

நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கரெக்ட்மா” என்றாள். சமீபத்தில் அவளாக என் கையைப் பிடித்த ஞாபகம் எனக்கு இல்லை.

8

கொஞ்ச நேரத்தில் பவி திரும்ப வீடியோவில் வந்தாள். கேமராவைத் திருப்பிக் காட்டினாள்.

அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறிச் சமையல்கட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்சிக்காரர்கள் வந்து விழுந்தார்கள், கண்ணீர் அஞ்சலி விழுந்தது, காதுகுத்து விழுந்தது. கடைசியில் கௌசி. அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். மாமா பின்னாலேயே ஓடினார்.

“மல்லிகா, வாணாம். ஊரு சிரிக்கும். பன்னீரு கேட்டா நான் இன்னா சொல்றது?”

அக்கா நின்று திரும்பினாள். என் அக்கா அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத் தெருவே கேட்டது.

“எம் புள்ள வயசுக்கு வந்தத பத்தடிக்கு கட்டி ஊருக்கே காட்டுனியே, அப்ப ஊரு சிரிக்கலயா? காணாம பூட்டானு காட்டறதுக்கு இப்ப இன்னாயா உனுக்கு வெக்கம்? தள்ளு அப்டி.”

தெருமுனையில் கல்யாணப் பிளெக்ஸ் கட்டியாகிவிட்டிருந்தது. மீன் வெட்டுகிற கத்தியால் அதிலிருந்து கௌசியின் முகத்தை மட்டும் சதுரமாக அறுத்தெடுத்தாள். ‘ஜெர்மனி’யைத் தனியாக வெட்டிச் சாக்கடையில் எறிந்தாள். பழைய பிளெக்ஸைத் தரையில் விரித்து, கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த வாளியைக் கொண்டுவந்து, இரண்டு வரிசை ஆண்களின் மேலும் பட்டையாக அடித்தாள். மாமன், சித்தப்பன், மன்றம் ஒருத்தரையும் விடவில்லை. பன்னீரின் முகத்துக்கு மேலே, அறுத்தெடுத்த கௌசியின் முகத்தை வைத்துக் கோணி ஊசியால் நாலு பக்கமும் தைத்தாள். சம்பந்தி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நடக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், இதை எழுதுகிற வரைக்கும் தெரியாது.

போனை முனை வீட்டு ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு பவி வந்து சிவப்புப் பெயின்டில் எழுதினாள். ‘கௌசல்யா. மூன்று வருடமாகக் காணவில்லை. மணலி கம்பெனி வேனில் வந்து மாத்தூரில் இறங்கியதாகச் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் சொல்லவும்.’ கீழே அக்காவின் போன் நம்பர். கயிற்றின் ஒரு முனையைத் தாயும் மறு முனையைக் கல்யாணப் பெண்ணும் இழுத்துக் கட்டினார்கள். பவி அதைப் படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நிலாவும் வாங்கி அனுப்பினாள், அவளுக்குத் தமிழ்நாட்டில் யாரைத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வேலை இடைவேளையில் பவியின் போனில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சமையல்கட்டில் கூரை இல்லை, வெயிலில்தான் ஆக்கினேன் என்றாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள், எனக்கும் கேட்டது. சின்னப் பெண்ணின் குரல், பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“யம்மா, கௌசி அம்மாவா? நான் மாத்தூரும்மா. கௌசிகூட வேன்ல வருவேன்.”

“சொல்லும்மா.”

“அன்னிக்கு மாத்தூர்ல கடைசியா இறங்கனது நான்தாம்மா. கௌசி இறங்கவே இல்ல. வண்டிலயே குந்திகினு இருந்துச்சு. எனுக்கு டாட்டா காட்டுச்சும்மா.”

அக்கா ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள்.

“இத்த ஏம்மா இத்தினி நாளா சொல்லல?”

“அது ஜெர்மனி போயி நல்லா கீதுனு சொன்னாங்களேம்மா.”